பார்சன்ஸ் ஏற்றத்தில் ஐந்து பெட்டிகள்

நாரலூக்,
21 ஏப்ரல் 1991, ஞாயிறு.

அன்புள்ள நோரீனுக்கு,

நான் சுகம். பூனை சுகம். வீடு சுகமா என்று மட்டும் உடனே கேட்டுவிடாதே. அந்த விஷயத்துக்கு மெதுவாக வருகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். பெர்த்துக்குப் போன் போட்டால் முதலில் நம் மகள் கேரின் பேசுகிறாள். பிறகு குழந்தை அழுகிறது. பிறகு குழந்தை ஏன் அழுகிறது என்று நீ விளக்குகிறாய். அதற்குள் நான் எதற்குக் கூப்பிட்டேன் என்பது எனக்கே மறந்துவிடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் யார் அழுதாலும் எனக்குக் கேட்காது.

பேத்தி என் படத்தைப் பார்த்துச் சிரித்தாள் என்று எழுதியிருந்தாய். கறிக்கடை ஹெக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். "அது வயித்துல காத்துய்யா, நெவ். உன் மூஞ்சியப் பாத்து சிரிக்கற வயசு இன்னும் வரல"ன்னுட்டான். ஐந்து பிள்ளை பெற்றவன் என்ற திமிர். இருந்தாலும் நீ ஊருக்குப் போனதிலிருந்து வாராவாரம் ஒரு பொட்டலம் சாசேஜ் கொண்டுவந்து வாசலில் மாட்டிவிட்டுப் போகிறான். காசு வாங்க மாட்டேன் என்கிறான். ஆகவே மன்னித்துவிட்டேன்.

இப்போது முக்கியமான செய்தி. வருகிற சனிக்கிழமை எனக்கு ரயில் ஓட்டுநர் பரீட்சை. நான்காவது முறை.

பிப்ரவரியில் உன்னை ரயிலேற்றும்போது நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தத் தடவையும் தேறாவிட்டால் மூக்குக்கண்ணாடிக் கடையையும் வீட்டையும் விற்றுவிட்டுப் பெர்த்துக்கே வந்துவிடுகிறேன் என்றேன். நீ "பாப்போம்" என்றாய். உன்னுடைய "பாப்போம்" என்ற சொல்லுக்குக் குறைந்தது நான்கு அர்த்தம் உண்டு. அன்று எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேரின் வேறு, அவர்கள் தெருக்கோடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது, கொல்லையில் எலுமிச்சை மரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். எலுமிச்சை இங்கேயும் காய்க்கும் என்று பதில் எழுத நினைத்து, எழுதாமல் விட்டேன்.

மாப்பிள்ளை ட்ரெவர், "அந்தப் பொம்மை ரயிலுக்கு அப்படி என்ன பரீட்சை?" என்று கேட்டானாமே. அவனுக்கு அடுத்த பத்தியை வாசித்துக் காட்டு.

மாப்பிள்ளை, இது ஊர்க்காரர்கள் நாங்களே சம்பளமில்லாமல் ஓட்டுகிற பழைய நீராவி ரயில், தண்டவாளமும் இரண்டரை அடி அகலம்தான். எங்கள் எஞ்சின் வினிஃப்ரெட் வெறும் பன்னிரண்டு டன். வின்னி என்று கூப்பிடுவோம். ரயில் எஞ்சின் கொதிகலனின் பலத்தால் மட்டும் இழுப்பதில்லை. சக்கரம் தண்டவாளத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறதே, அந்தப் பிடிதான் இழுவை. ஓட்டுகிற சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறதோ, அதில் ஏறக்குறைய கால்பங்குதான் இழுவையாகக் கிடைக்கும். அதுவும் தண்டவாளம் காய்ந்திருந்தால். சமதளத்தில் அதுவே ஏராளம். ஆனால் பார்சன்ஸ் ஏற்றம் முப்பதடிக்கு ஓரடி உயர்கிறது. அங்கே ஒவ்வொரு பெட்டியும் பின்னால் இழுக்கும், கடைத்தெருவில் உன் மாமியார் இன்னும் ஒரே ஒரு கடை என்னும்போது நான் இழுப்பது போல. போதாக்குறைக்கு எஞ்சின் தன் உடம்பையும் தானே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று என் வயதில் மாடிப்படி ஏறிப் பார்த்தால் தெரியும். ஆட்கள் நிறைந்த ஐந்து பெட்டியை அந்த ஏற்றத்தில் கொண்டுபோவதுதான் பரீட்சை.

பரீட்சை வைப்பது வழக்கம்போல ஐலா ஃபின்ச் அம்மாள். குவீன்ஸ்லாந்துக் கரும்பு ரயிலில் பாதி ஆயுள் எஞ்சின் ஓட்டியவர். மூன்று முறையும் என்னை நிராகரித்தவர். முதல் முறை சக்கரம் வழுக்கியது, நீராவியைக் கூட்டினேன், இன்னும் வழுக்கியது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று தீப்பொறி பறந்ததும் அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன மிஸ்டர் கிராப், கத்தி சாணை பிடிக்கறீங்களா?" என்றார். ஊர் முழுக்க இன்னும் என்னை அப்படித்தான் விசாரிக்கிறார்கள். கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கூடவே கத்திரிக்கோலும் கொண்டுவருகிறார்கள்.

இந்த முறை நான் விஞ்ஞான முறைப்படி இறங்கியிருக்கிறேன். இங்கேதான் வீட்டு விஷயம் வருகிறது. நீ உட்கார்ந்து படி.

சமையலறையிலிருந்து நம் படுக்கையறை வரை நடைவழியில் பார்சன்ஸ் ஏற்றத்தை அப்படியே கட்டியிருக்கிறேன். முப்பதடிக்கு ஓரடி. தூண்களுக்கு உன் சமையல் புத்தகங்கள். உச்சி நிலையம் உன் தையல் மெஷினின் மூடி. வின்னியின் மாதிரி எஞ்சின்தான் உனக்குத் தெரியுமே, முழங்கை நீளம், மின்சாரத்தில் ஓடுவது. கூடத்துச் சமதளத்தில் அது இருபது பெட்டியை இழுத்தது. அதே எஞ்சின் நடைவழி ஏற்றத்தில் நான்கு பெட்டிக்கு மேல் அசைய மறுத்தது. ஐந்தாவதை மாட்டினால் நின்ற இடத்தில் சக்கரம் சுழல்கிறது. என்னைப் பார்த்த மாதிரியே இருந்தது.

உடனே தூண்டில் ஈயக்குண்டுகளை அதன் ஓட்டுநர் அறைக்குள் போட்டேன். எடை கூடியது, பிடி கூடியது, ஐந்து பெட்டியும் ஜம்மென்று ஏறின! அந்த உற்சாகத்தில் எட்டுப் பெட்டி மாட்டி, இன்னும் குண்டு போட்டேன். அதற்குமேல் வழுக்கவே இல்லை. நகரவும் இல்லை. படுக்கையறை வாசலில் நின்று உறுமி, ஒரு வாசனை விட்டு, மோட்டார் எரிந்துபோயிற்று. வழுக்கத் தெரிந்தவரை பிழைத்திருந்தது, பாவம். புது மோட்டார் போட்டுவிட்டேன். வாசனை இன்னும் போகவில்லை. கம்பளத்தில் பட்டாணி அளவு ஒரு கறுப்பு. பெரிய பட்டாணி.

ஆனால் பாடம் கிடைத்தது. அறைக்குள் எடை வேண்டும். வழக்கமாக என்னோடு கரி போடுகிறவர் பள்ளிக்கூடத்து வாத்தியார், சாறு பிழிந்த கரும்பு மாதிரி இருப்பார். அவருக்குப் பதில் ஹெக்டரை ஏற்றினால் என்ன? அவனும் கரி போடத் தேர்ந்தவன்தான். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாத்தியாரைவிட அவன் எத்தனை கிலோ அதிகமோ, அதில் கால்பங்கு இழுவை. அவனையே தூக்குவதற்கான செலவு போக, கூடுதலாக ஐந்து பயணிகளை ஏற்றலாம்! ஹெக்டரிடம் காரணம் சொல்லவில்லை. "உன் மேல நம்பிக்கைடா" என்று மட்டும் சொன்னேன். கண் கலங்கிவிட்டான். மறுநாள் பொட்டலத்தில் ஆட்டுக்கறிச் சாப்ஸும் இருந்தது.

மழை வராமல் இருக்க வேண்டும். நீயும் அங்கிருந்து கொஞ்சம் வேண்டிக்கொள். எதற்காக என்று உன் இஷ்டம்.

கேரினுக்கும் ட்ரெவருக்கும் அன்பு. பேத்தி பெத்தனிக்கு முத்தம், காற்றோ சிரிப்போ.

உன்,
நெவில்

பி.கு: பூசணி ஸ்கோன் ரொட்டி எப்படிச் செய்வது என்று எழுது. புத்தகத்தைப் பார்க்கலாம்தான், ஆனால் அது மூன்றாவது தூணில் இருக்கிறது.


நாரலூக்,
28 ஏப்ரல் 1991, ஞாயிறு.

அன்பு நோரீன்,

முடிவை முதலிலேயே எழுதினால் நீ மற்றதைப் படிக்க மாட்டாய். அதனால் வரிசைப்படி சொல்கிறேன். கடைசிப் பக்கத்தை இப்போதே புரட்டாதே.

மழை வந்தது. வெள்ளி முழுக்கக் கொட்டிவிட்டுச் சனி காலையில் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது. இலையுதிர் காலத்தில் முதல் மழை என்றால் இங்கே என்ன வரும் என்று உனக்குத் தெரியும். மரவட்டை. நம் வாசல் கதவிலிருந்து துடைப்பத்தால் வாரிக் கொட்டினேன். பூனை ஒன்றை முகர்ந்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

நிலையத்துக்குப் போனால் ஐலா அம்மாள் நல்ல சாம்பல்நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஹெக்டர் புதுச் சட்டை. கார்டு வேலைக்கு நம் தபாலாபீஸ் பாட் லெஹேன், சிவப்புக் கொடியும் விசிலுமாக. கடைசி இரண்டு பெட்டி நிறைய உன் பந்து விளையாட்டுச் சங்கத்துப் பெண்கள், மலை உச்சியில் தேநீர் விருந்தாம். கூடை கூடையாகத் தின்பண்டம். அத்தனை பேரையும் யார் இன்றைக்கு வரச் சொன்னது என்று கேட்டேன். "நாந்தான். நீ எப்படி சாணை பிடிக்கறேன்னு பாக்கணுமாம்" என்றாள் பாட்.

கிளம்பினோம். ஆற்றுப் பாலம் வரை வின்னி பாட்டுப் பாடிக்கொண்டே போனாள். ஏற்றத்தின் முதல் பாதியும் நன்றாகவே போயிற்று. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. ஹெக்டர் கரி போடப் போட, அவனை நான் எடையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய மரங்கள் கவிந்து இருட்டிக் கிடக்கிற வளைவு வந்ததும் பார்த்தேன். தண்டவாளம் நெளிந்தது. கறுப்பாக, ஈரமாக, இரண்டு பக்கமும் மரவட்டை.

சக்கரம் வழுக்கியது.

என் கை தானாக நீராவிக் கைப்பிடியைத் திறந்தது. இன்னும் வழுக்கியது. நசுங்கிய மரவட்டையின் எண்ணெயில் சக்கரம் வெண்ணெய் கடைந்தது. இன்னும் ஒரு இழுப்புத் திறந்தால் ஏறினாலும் ஏறிவிடும் என்று தோன்றியது. மூன்று முறையும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணல் விட்டேன். இரண்டு கை மணல் விழுந்தது, அப்புறம் குழாய் ஈரத்தில் அடைத்துக்கொண்டது. அந்த நேரத்தில்தான், நோரீன், எனக்கு நம் நடைவழி வாசனை வந்தது. நிஜமாக வரவில்லை, மூக்குக்குள் வந்தது. அதற்குமேல் மனசு கேட்கவில்லை. கைப்பிடியை மூடிவிட்டேன். பிரேக்கைப் போட்டேன். ரயில் நின்றது.

மரத்தில் ஏதோ பறவை மட்டும் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், பெர்த் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன நெவ், வண்டிக்குக் களைப்பா?" என்றான் ஹெக்டர்.

"பிடி பத்தலடா. இவ்வளவு எடை இருந்தும் பத்தல" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

ஐலா அம்மாள் எங்களோடு அறையிலேயே நின்றிருந்தார். இப்போது ஹெக்டரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மிஸ்டர் கிராப், உங்க நண்பர் நிக்கறது எந்தச் சக்கரத்து மேல?"

குனிந்து பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. அறைக்குக் கீழே இருப்பது ஓட்டுகிற சக்கரம் இல்லை. பின்னால் இருக்கிற குட்டிச் சக்கரம். என் மாதிரி எஞ்சினில் அந்தக் குட்டிச் சக்கரம் அழகுக்குத் தொங்குகிறது, எந்த எடையையும் தாங்காது. அதனால் அறைக்குள் போட்ட ஈயக்குண்டெல்லாம் ஓட்டும் சக்கரத்தின் மேலேயே அழுத்தியது. நிஜ வின்னியில் அந்தக் குட்டிச் சக்கரம் வில்லோடு நின்று அறையைத் தாங்குகிறது. ஹெக்டரின் எடை பிடிக்கு ஒரு பலனும் தரவில்லை. வெறுமனே ஏற்றிக்கொண்டு போகிற பாரம். இத்தனை வருஷமாக அந்த எஞ்சினைத் துடைக்கிறேன், எண்ணெய் போடுகிறேன், அந்தச் சக்கரத்தையும் சேர்த்துத்தான்.

ஹெக்டருக்கு மெல்ல விளங்கியது. "யோவ், நான் உனக்கு கரி போடற ஃபயர்மேனா, ஈயக்குண்டாய்யா? நம்பிக்கைன்னியே! அதுக்கு சாப்ஸ் வேற குடுத்தேனே!"

"ஐந்து பயணி கணக்குடா" என்று முனகினேன்.

"இப்ப எத்தனை?"

"இப்ப நீங்களும் ஒரு பயணி" என்றார் ஐலா அம்மாள். "ரெண்டு பயணி."

எப்படியும் தோற்றாகிவிட்டது, செய்வதைச் சரியாகவாவது செய்வோம் என்று முடிவு செய்தேன். பாட் லெஹேனைக் கூப்பிட்டு, கடைசி இரண்டு பெட்டியின் கை பிரேக்கையும் முறுக்கி, சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுக்கச் சொன்னேன். நானே போய் ஒவ்வொரு கட்டையையும் உதைத்துப் பார்த்தேன். பிறகு கொக்கியைக் கழற்றினேன். மூன்று பெட்டியை முதலில் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, மிச்சத்துக்குத் திரும்பி வருவது. எங்கள் விதிப்புத்தகத்தில் இருக்கிற முறைதான். ஆனால் ஊரார் பார்க்க அதைச் செய்வது கோவணத்தோடு சந்தைக்குப் போவது மாதிரி என்பதால் யாரும் செய்வதில்லை.

உன் சங்கத்துப் பெண்கள் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். "ஏய் நெவில், எங்கள நடுக்காட்டுல விட்டுட்டா போற?"

"திரும்பி வருவேன், பொறுங்க."

"இதையேதான் நோரீன்கிட்டயும் சொன்னியா?"

"போனது அவதான், நான் இல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாக.

ஹெக்டர் கரித் துடைப்பத்தையும் ஒரு வாளி மணலையும் எடுத்துக்கொண்டு கீழே குதித்தான். "நான் எறங்கினா வண்டிக்கு நல்லதுதானே? எறங்கிட்டேன் போ" என்று சொல்லிவிட்டு எஞ்சினுக்கு முன்னால், எட்டவே நின்று, தண்டவாளத்திலிருந்து மரவட்டைகளைத் தள்ளிக்கொண்டும் மணலைத் தூவிக்கொண்டும் நடந்தான். அறையில் கரி போட ஆள் இல்லை. ஐலா அம்மாள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டைக் கையை மடித்தார். கரண்டியை எடுத்தார். இவ்வளவு சீராக யாரும் கரி போட்டு நான் இதற்குமுன் பார்த்ததில்லை. கைப்பிடியை நூல் அளவு திறந்தேன். வின்னி ஒரு முறை முக்கினாள், பிடித்துக்கொண்டாள், நடந்தாள். முன்னால் ஊரிலேயே கனமான மனிதன் கூட்டிப் பெருக்கிக்கொண்டே போக, பின்னால் மூன்று பெட்டிச் சனமும் கைதட்டியது. ஹெக்டர் நடுநடுவே திரும்பிக் குனிந்து வணக்கம் வைத்தான்.

உச்சியில் மூன்று பெட்டியை விட்டுவிட்டு மிச்சத்துக்கு இறங்கினோம். உன் தோழிகள் விருந்துக்குக் கொண்டுவந்த சாண்ட்விச், ஸ்கோன் எல்லாவற்றையும் அங்கேயே தீர்த்திருந்தார்கள். பாட் கொடியை மடியில் விரித்து அதன்மேல் தட்டை வைத்திருந்தாள். "அதுக்குள்ள வந்துட்டியா?" என்று சலித்துக்கொண்டாள். இரண்டு பெட்டியும் வழுக்காமல் ஏறின. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் அழகு.

மேலே தண்ணீர்த் தொட்டியடியில் ஐலா அம்மாள் கை கழுவினார். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வருத்தப்பட வேண்டாம், இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன், நான் பெர்த்துக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

"எதுக்கு?"

"வண்டி நின்னுடுச்சே."

"மூணு தடவையும் உங்கள பெயில் பண்ணினது வண்டி நின்னதுக்கு இல்ல, மிஸ்டர் கிராப். நிக்கணும்னப்ப நீங்க அத நிக்க விடல. அதுக்கு." துண்டில் கை துடைத்தார். "இன்னிக்கு விட்டீங்க. திரும்பியும் வந்தீங்க. ஜூலைல இருந்து ஓட்டலாம்."

ஹெக்டர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவனுக்கு நான் ஒரு எடையே இல்லை.

ஆக, நோரீன், தேறிவிட்டேன். உன் கணவன் ஓட்டுநர். கேரினிடம் சொல். ட்ரெவரிடம் இரண்டு முறை சொல்.

இன்று காலை நடைவழி ஏற்றத்தைப் பிரித்துவிட்டேன். புத்தகங்களை அலமாரியில் அடுக்கினேன், வரிசை சரியாக இருக்காது. அடுக்கும்போது நம் பேச்சை யோசித்துப் பார்த்தேன். தோற்றால் பெர்த் என்றுதான் பேசிக்கொண்டோம். ஜெயித்தால் என்ன என்று பேசவே இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றாததுதான் காரணம். ஜெயித்துவிட்டேன், ஆகவே கிளம்பி வா என்று எழுத முதலில் உட்கார்ந்தேன். அந்தத் தாள் குப்பைக்கூடையில் இருக்கிறது.

நீ இதுவரை எழுதிய கடிதங்களை மறுபடி படித்தேன். குழந்தையின் தொப்பியிலிருந்து அடுத்த வீட்டு நாய் வரை எல்லாம் இருக்கிறது. தெருக்கோடி வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருஷமாக உன்னோடு இருக்கிறேன். நீ பேசாமல் விடுகிற விஷயம் எதுவென்று கண்டுபிடிக்கிற அளவுக்காவது எனக்குப் பார்வை உண்டு, கண்ணாடிக் கடைக்காரன் இல்லையா.

ஜூன் மாதம் வின்னியின் கொதிகலனைக் கழுவுகிற மாதம், ரயில் ஓடாது. கடையை ஹெக்டரின் மூத்த மகள் பார்த்துக்கொள்கிறாள். பூனையை பாட். நான் பெரிய ரயிலில் அங்கே வருகிறேன். ஓட்டாமல், ஜன்னலோரமாக உட்கார்ந்து. பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அந்த வீட்டையும் உன்னோடு வந்து ஒரு முறை பார்க்க வேண்டும். உனக்கு என்ன வேண்டும் என்று அங்கே வைத்துச் சொல். எனக்குப் பிடிக்குமே என்று எதையும் சொல்லாதே.

குழந்தை நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்கட்டும். சிரிக்கட்டும், காற்றானாலும் சரி.

வருவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். திரும்புவதற்கு எத்தனை டிக்கெட் என்று நீ சொல். இரண்டு என்றால் இரண்டு. ஒன்றுமே வேண்டாம் என்றாலும் சரி, கடையை விற்றுவிடலாம். ஒரு டிக்கெட் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
நெவில்